ஐந்து நாள் நாற்காலி, ஆறாம் நாள் பேட்மிண்டன்

வணக்கம் நண்பர்களே. வெயில் ஏறுவதற்குள் பேசிவிடலாம் என்று பெங்களூர் லால்பாக் பூங்காவுக்கு வந்திருக்கிறேன். பின்னால் தெரிகிறதே, கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறை, அதற்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். ஒரு மூட்டுவலி கிடையாது. நமக்கு நாற்பது தாண்டினாலே முட்டி பேச ஆரம்பித்துவிடுகிறது.

போன வீடியோவில் ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருந்தார். ஐ.டி. வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறேன், உடற்பயிற்சி செய்தால் முட்டி தேய்ந்துவிடும் என்கிறார்கள், செய்யாவிட்டாலும் தேயும் என்கிறார்கள், எதைத்தான் நம்புவது?

நல்ல கேள்வி. மூட்டில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது. சத்து எல்லாம் மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் வர வேண்டும். நடக்கும்போது அமுங்கி, விடும்போது விரிந்து, பஞ்சு மாதிரி அந்தத் திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அசைவே இல்லையென்றால் அதற்குச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேராது. அதனால் முட்டியைக் காப்பாற்றுகிறேன் என்று நாற்காலியிலேயே இருப்பதில் அர்த்தமில்லை.

ஓடினால் முட்டி போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆரோக்கியத்துக்காக அளவாக ஓடுகிறவர்களில் இடுப்பு, முட்டித் தேய்மானம் 3.5 சதவீதம். ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2. போட்டிக்காக ஓடுகிறவர்களில் 13.3. ஓட்டம்தான் தேய்மானத்தைத் தடுத்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அளவான ஓட்டத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை என்பது தெரிகிறது.

நம்ம பெங்களூர்க்காரர்களின் பிரச்சினை இந்த அளவில்தான் இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை சில்க் போர்டு நெரிசலில் காரில் உட்கார்ந்து, ஆபீஸ் போய் அங்கேயும் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து சோபா. சனிக்கிழமை காலையில் திடீரென்று இரண்டு மணி நேரம் பேட்மிண்டன். இல்லையென்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு நந்தி மலை. ஐந்து நாள் சும்மா கிடந்த தொடைத் தசைக்கு ஆறாம் நாள் அத்தனை பாரம். தசை தாங்காவிட்டால் அதிர்ச்சி மூட்டுக்குப் போகிறது. பேட்மிண்டன் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் ஆடுகிறேன். வார நாட்களிலும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து வையுங்கள் என்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. நடக்கிறோமே, போதாதா என்று கேட்டு, நம்மவர்கள் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். போதாது. ஜிம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். பத்துத் தடவை. மெதுவாக உட்காருவதில்தான் விஷயம் இருக்கிறது, தொப்பென்று விழக்கூடாது.

இருங்க, இந்த நாய் போகட்டும்... சரி.

முதுகுக்கு வருவோம். தண்டுவட எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் ராத்திரி படுத்திருக்கும்போது தண்ணீரை உறிஞ்சி உப்பும். அதனால் காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கும் மேலே உயரமாக இருப்போம். ஆனால் உப்பின வட்டு குனியும்போது அதிக அழுத்தம் வாங்கும். ஆகவே எழுந்தவுடன் குனிந்து கால்விரலைத் தொடுவது, தண்ணீர் கேனைத் தூக்குவது இதெல்லாம் வேண்டாம். சூரிய நமஸ்காரம் செய்கிறவர்கள் காபி குடித்து, கொஞ்சம் நடந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஆபீசில் விலை உயர்ந்த நாற்காலி வாங்கினால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். எந்த நாற்காலியிலும் அசையாமல் மூன்று மணி நேரம் இருந்தால் முதுகு பிடிக்கத்தான் செய்யும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். போன் வந்தால் நடந்துகொண்டே பேசுங்கள். லேப்டாப்பை நாலு தடிமனான புத்தகத்தின் மேல் வைத்து, கீபோர்டைத் தனியாக மாட்டினால் கழுத்துக்கு நிம்மதி.

முட்டி வலி இருக்கிறவர்களுக்கு மெட்ரோ ஸ்டேஷனில் ஒரு சின்ன வித்தை: ஏறும்போது படி, இறங்கும்போது எஸ்கலேட்டர். பெரும்பாலானவர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். இறங்கும்போதுதான் முட்டிக்குப் பாரம் அதிகம். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் ஏறும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பயிற்சிக்குப் பிறகு லேசாக வலித்து மறுநாள் அடங்கினால் கவலையில்லை. மறுநாள் முட்டி வீங்கியிருந்தால் செய்தது அதிகம், அடுத்த தடவை குறையுங்கள். வலியில்லாத கடகடச் சத்தத்தை விட்டுத் தள்ளுங்கள்.

அப்புறம் ஸ்கேன். ரிப்போர்ட்டில் "வட்டுத் தேய்மானம்" என்று பார்த்ததும் படுத்துவிடாதீர்கள். வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் சுமார் 80 சதவீதம் பேருக்கு அது இருக்கும். ஆனால் முதுகுவலியோடு கால் பலம் இழந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கே, ராத்திரியானாலும், எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.