மாரியோவின் இரண்டு இரண்டாம் பாகங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வெற்றி பெற்ற ஒரு வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தில் ஆடுபவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ஒரே தலைப்பில், முற்றிலும் வேறுபட்ட இரண்டு விடைகளைத் தந்திருக்கிறது.

1985-இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்ற முதல் பாகம், ஓடுவதையும் தாவுவதையும் எதிரியின் தலையில் குதித்து நசுக்குவதையும் ஆடுபவரின் விரல்களுக்குப் பழக்கிவிட்டது. மறு ஆண்டே ஜப்பானில் வந்த இரண்டாம் பாகம், அந்தப் பழக்கம் கைவந்தவர்களுக்கென்றே செய்யப்பட்டது. படங்களும் விதிகளும் ஏறத்தாழப் பழையவையே. ஆனால், முதல் பாகத்தில் நாயகன் மாரியோவை வளரச் செய்த காளானைப் போலவே தோன்றி, தொட்டவுடன் கேடு செய்யும் நச்சுக்காளான் ஒன்று புதிதாக வந்தது; தாவும் வேளையில் பலத்த காற்று தள்ளியது; குறுக்குவழி என்று நம்பி நுழைந்த குழாய், கடந்து வந்த முதல் உலகத்துக்கே திருப்பி அனுப்பியது. முதல் பாகம் கற்றுக்கொடுத்த நம்பிக்கைகளையே பொறியாக்கிய இந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். ஆனால், ஆசையோடு வாங்கிய ஒரு சிறுவனுக்கு அது பிடித்திருக்குமா என்பது வேறு கேள்வி.

அமெரிக்கக் கிளையினர் இது மிகக் கடினம் என்று கருதி, அங்கே வெளியிடவில்லை. அதற்குப் பதிலாக, ஃபுஜி தொலைக்காட்சியின் விழா ஒன்றுக்கான பாத்திரங்களை வைத்து 1987-இல் நின்டெண்டோ செய்திருந்த டோக்கி டோக்கி பேனிக் என்ற விளையாட்டை எடுத்து, அதன் நாயகர்களின் இடத்தில் முதல் பாகத்தின் பாத்திரங்களான மாரியோ, லூயிஜி, டோட், இளவரசி ஆகியோரை அமர்த்தி, 1988-இல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2 என்று விற்றனர். இதில் எதிரியின் தலையில் குதித்தால் எதிரி சாவதில்லை. அவனைத் தூக்கி எறியலாம், அல்லது மண்ணிலிருந்து காய்கறியைப் பிடுங்கி அவன்மேல் வீசலாம்.

வேடமிட்ட விளையாட்டு என்று இதை இன்றும் இகழ்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விதி மாறியிருந்தாலும், ஓடித் தாவிப் பழகிய விரல்களின் தேர்ச்சி இங்கே வீணாகவில்லை. புதிய விதியை மெல்லக் கற்றுக்கொள்ளவும் இடம் இருந்தது. ஆடுபவர்கள் வேண்டுவது பழைய விதிகளையே அல்ல, தாங்கள் உழைத்துப் பெற்ற தேர்ச்சிக்கு மதிப்பையே என்று நான் கருதுகிறேன். முகமூடி அணிந்த ஷை கை, வெடிகுண்டு போல வெடிக்கும் பாப்-ஆம் போன்ற எதிரிகள் இந்த விளையாட்டின் வழியாகத்தான் மாரியோ தொடருக்குள் நுழைந்து நிலைத்தார்கள். 1992-இல் இதே விளையாட்டு சூப்பர் மாரியோ யுஎஸ்ஏ என்ற பெயரில் ஜப்பானிலும் விற்பனைக்கு வந்தது.

அமெரிக்கர்களுக்கு மறுக்கப்பட்ட அந்தக் கடினமான பாகமோ, 1993-இல் சூப்பர் மாரியோ ஆல் ஸ்டார்ஸ் தொகுப்பில், தி லாஸ்ட் லெவல்ஸ் என்ற பெயரோடு அவர்களை அடைந்தது. நச்சுக்காளானும் காற்றும் இதிலும் இருந்தன. ஆனால், ஆட்டத்தைச் சேமித்து வைத்து, விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரும் வசதி இம்முறை சேர்க்கப்பட்டிருந்தது.