சுவரில்லாத அறை

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் நடந்த வாசகர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

கூட்டம் தொடங்குவதற்கு முன், பின்புறத் தேநீர் மேசையருகே நீங்கள் நின்று பேசிக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் கவனித்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லாமலே மூவர் நால்வராக வளையம் வளையமாக நின்றீர்கள். ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. பலகாரத் தட்டை எடுக்கப் போனவர்கள் அந்த வெற்றிடத்தைக் குறுக்கே கடக்காமல், நாலடி கூடுதலாக நடந்து சுற்றிக்கொண்டு போனார்கள். அங்கே கயிறும் கட்டவில்லை, கோடும் போடவில்லை. ஆயினும் அது பிறருடைய அறை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இன்று நான் பேச வந்தது அந்தச் சுவரில்லாத அறையைப் பற்றித்தான்.

இந்த அறைக்கு முறையான விளக்கம் தந்தவர், இங்கிலாந்தில் பிறந்த சைகை ஆய்வாளர் ஆடம் கெண்டன். மனிதர்கள் கூடிப் பேசுவதைப் படம்பிடித்து, அப்படங்களை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்து, 1970களில் அவர் இந்த அமைப்புக்கு ‘எஃப் அமைப்பு’ என்று பெயரிட்டார். நடுவிலுள்ள வெற்றிடம் பேசுவோர் அனைவருக்கும் பொது. அதைச் சூழ்ந்து உடல்கள் நிற்கும் வளையம் ஒன்று. அதற்கும் வெளியே, அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், இன்னும் சேராதவர்கள் தயங்கி நிற்கும் வெளி ஒன்று. இந்த அறையைக் கட்டுவது முகம் அன்று, இடுப்புக்குக் கீழுள்ள உடல் என்பதே இதில் எனக்கு முதன்மையாகப் படுகிறது. தலையை எப்பக்கமும் திருப்பிவிடலாம். பாதங்கள் நோக்கும் திசையில்தான் ஒருவர் உண்மையில் இருக்கிறார். பாதம் ஒரு பக்கமும் தலை மறுபக்கமுமாக உடலை முறுக்கி நிற்கும் நிலையை 1998இல் ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லாஃப், அந்த முறுக்கு நிலைக்காது என்பதையும், திரும்பிய தலை கால்களின் திசைக்கே மீளும் என்ற எதிர்பார்ப்பைப் பார்ப்பவரிடம் அது உண்டாக்குவதையும் எடுத்துக்காட்டினார். பேசிக்கொண்டிருக்கும் நால்வரிடம் நீங்கள் போய் நிற்கும்போது அவர்கள் முகத்தை மட்டும் திருப்பிப் புன்னகைத்தால், அது வணக்கம்; அரையடி பின்வாங்கிக் கால்களையும் நகர்த்தினால்தான், அது அழைப்பு.

உடல்மொழி என்றதும் பயிலரங்குகளில் கைகட்டுவதைப் பற்றியே பேசுகிறார்கள். கைகளைக் கட்டிக்கொண்டால் மனம் மூடியிருக்கிறது என்று பொருளாம். பெரியவர் முன் கைகட்டி நிற்பது பணிவு என்று வளர்க்கப்பட்ட நமக்கு இது எவ்வளவு பொருந்தும்? போதாக்குறைக்கு, நம் ஊர் மண்டபங்களின் குளிர்சாதனத்தில் பாதிப் பேர் குளிருக்காகவே கைகட்டியிருக்கிறார்கள். தனித்த சைகைக்கு அகராதி எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. யார் யாரோடு எப்படிச் சேர்ந்து நிற்கிறார்கள் என்பதைத்தான் படிக்க முடியும்.

இதை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். வேந்தரைச் சார்ந்திருப்பவர்கள் தீக்காய்பவர்களைப் போல ‘அகலாது அணுகாது’ இருக்க வேண்டும் என்று வள்ளுவர் தொலைவுக்கு அளவு வைத்தார். அதே அதிகாரத்தில் 694ஆம் குறள், பெரியோர் முன்னிலையில் செவியில் சொல்வதையும் சேர்ந்து நகைப்பதையும் விலக்கச் சொல்கிறது. இதை வெறும் மரியாதை விதியாகவே படித்துவந்தேன். கெண்டனைப் படித்த பிறகுதான் அதன் நுட்பம் விளங்கிற்று: காதோடு காதாகப் பேசும் இருவர், பெரிய வளையத்துக்குள்ளேயே சிறிய வளையம் ஒன்றைக் கட்டி, அந்தப் பெரியவரை அதற்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள்.

தொலைவுகளை 45 சென்டிமீட்டர், 1.2 மீட்டர், 3.6 மீட்டர் என்று எல்லையிட்டு நான்காகப் பிரித்தவர் அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால். 1966இல் அவர் வெளியிட்ட அந்த அளவுகள் பெரும்பாலும் அமெரிக்க வடகிழக்குக் கரையோர நடுத்தர வகுப்பினரைக் கண்டு எடுத்தவை. எல்லா மக்களுக்கும் அவை பொருந்தா என்று அவரே எச்சரித்திருந்தார். நம் ஊரில் தொலைவைப் பல நேரங்களில் கட்டடமே தீர்மானித்துவிடுகிறது. ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடிப் பாதையை, நாம் அஞ்சடி என்போமே, எண்ணிப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் அகலத்தில் இருவர் எதிரெதிரே நின்றால் வழியே அடைபட்டுவிடும். கடந்து போகிறவர் அவர்களுடைய அறைக்குள் புகுந்துதான் போக வேண்டும். ஆகையால் அங்கே பேசுகிறவர்கள் தோளோடு தோளாகத் தெருவைப் பார்த்தபடி நிற்கிறார்கள், அல்லது ஒருவர் தூணிலும் மற்றவர் சுவரிலும் சாய்ந்துகொள்கிறார்கள்.

நாற்காலி போடும் இடமும் பேச்சைத் தீர்மானிக்கிறது. கனடாவின் சஸ்காட்சவான் மாநிலத்திலுள்ள வெய்பர்ன் மனநல மருத்துவமனையில் 1950களில் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் தலைமை மருத்துவராக இருந்தார். புதுப்பித்து அழகுபடுத்திய முதியோர் பகுதியில் நோயாளிகள் ஒருவரோடொருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பதன் காரணத்தை, அவருடன் பணியாற்றிய உளவியலாளர் ராபர்ட் சோமர் ஆராய்ந்தார். நாற்காலிகள் எல்லாம் சுவரோரமாக வரிசையில் கிடந்தன. பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கழுத்தைத் திருப்ப வேண்டும். எதிரில் இருப்பவரோ வெகு தொலைவில். சிறு மேசைகளைச் சுற்றி நாற்காலிகளை மாற்றிப் போட்டபோது, தொடக்கத்தில் அவை சுவரோரத்துக்கே திரும்பிப் போயின. சுவரோர வரிசைதான் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும் அல்லவா! விடாமல் வைத்திருந்தபின் உரையாடல்கள் கணிசமாகக் கூடின. ஆட்களை ஒன்றுகூட்டும் இடம், விலக்கி வைக்கும் இடம் என ஆஸ்மண்ட் இரண்டாகப் பிரித்தார்.

இதைப் படித்தபோது எனக்கு நம் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புதான் கண்முன் வந்தது. வரவேற்பறையில் மூன்று சுவரையும் ஒட்டி சோபாக்கள், நடுவில் முறுக்கும் நெய்யுருண்டையும் வைத்த தாழ்ந்த மேசை. அலுவலக நண்பர்கள், அண்டைவீட்டுச் சீனர், மலாய்க்காரர், அத்தை, மாமா எல்லாரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு தொலைக்காட்சியைப் பார்க்கிறார்கள். வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேச வேண்டியிருக்கிறது. விருந்தினர்கள் தங்களுக்குள் பேசுவது அரிது. கலியாண மண்டபத்துப் பத்துப் பேர் வட்ட மேசையும் இதற்குப் பெரிய மாற்று அன்று. கட்டுப்பாடில்லாமல் அமையும் உரையாடல் ஏறத்தாழ நால்வருக்கு மேல் தாங்காது, ஐந்தாமவர் வந்ததும் பிளவுபடத் தொடங்கும் என்று பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் 1995இல் எழுதினார்கள். வட்டம் ஒன்றாயினும் அந்த மேசையில் பேச்சு மூன்றாகிவிடுகிறது. அந்த வகையில் பழைய வாழையிலைப் பந்தி நேர்மையானது. சாப்பிட மட்டுமே உட்கார்ந்தோம்.

ஆனால் அதே திறந்த இல்லத்தில் விடைபெறும் நேரத்தைப் பாருங்கள். விருந்தாளி எழுந்து, காலணி போட்டு, வாசல் கேட் வரை வந்து, ‘அப்போ வர்றோம்’ என்று ஓரடி பின்வைக்கிறார். உடனே ஏதோ நினைவுக்கு வர, அந்த ஓரடியை முன்வைத்துத் திரும்புகிறார். வீட்டுக்காரர், அவர் மனைவி, கார் சாவியோடு நிற்கும் மகன் என்று அவரைச் சுற்றி ஒரு வளையம் கூடிவிடுகிறது. இரண்டு மணி நேரம் சோபாவில் பேசாதவர்கள், கொசுக்கடியோடு அங்கே அரை மணி நேரம் நின்று பேசுகிறார்கள். அன்று மாலையில் அவர்கள் கால்களுக்கு விரும்பிய பக்கம் திரும்ப இடம் கிடைத்தது அந்த வாசலில்தான்.