முக்கால் மில்லிமீட்டர் பட்டிமன்றம்

நண்பர்களே, வணக்கம்.

ரைஃபிள் பிரியர்கள் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து, ".270 நல்லதா, .30-06 நல்லதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். (இரண்டும் ரைஃபிள் தோட்டாக்களின் பெயர்கள்.) அப்புறம் நீங்கள் எழுந்து போய்விடலாம். அவர்களுக்கு நடுவர் தேவையில்லை, நேரக் கணக்கும் கிடையாது.

இந்தக் கேள்விக்கு நூறு வயதாகிறது. .30-06 அமெரிக்க ராணுவத்துக்காக 1906-இல் வந்த தோட்டா. 1925-இல் வின்செஸ்டர் கம்பெனி ஏறத்தாழ அதே கூட்டின் (வெடிமருந்தை அடைக்கும் உலோக உறையின்) கழுத்தை ஒடுக்கி, கொஞ்சம் மெலிந்த குண்டைச் செருகி, .270 என்று பெயர் வைத்தது. முன்னதன் குண்டு .308 அங்குல விட்டம், பின்னதன் குண்டு .277. இந்த அளவைத்தான் காலிபர் என்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். அந்த முக்கால் மில்லிமீட்டருக்காகத் தாத்தா ஆரம்பித்த வாதத்தைப் பேரன் இன்னும் முடிக்கவில்லை!

இந்தப் பட்டிமன்றத்தின் மிகப் பெரிய அணித்தலைவர்கள் இரண்டு பேர். ஜாக் ஓ'கானர், எல்மர் கீத். இருவரும் அமெரிக்காவின் துப்பாக்கிப் பத்திரிகைகளில் பல்லாண்டுகள் எழுதியவர்கள். ஓ'கானர் .270-இன் காவலர்: குண்டு இலேசாக இருக்கட்டும், வேகமாகப் போகட்டும், சரியான இடத்தில் படட்டும் என்றார். கீத் நேர் எதிர்: குண்டு தடிமனாகவும் கனமாகவும் இருந்தால்தான் பெரிய விலங்குக்கு முன் நிற்க முடியும் என்றார். இத்தனைக்கும் இரண்டு பேரும் வாழ்ந்தது ஐடஹோ என்ற ஒரே மாநிலத்தில். ஓ'கானர் 1978-இல் காலமானார், கீத் 1984-இல். வாதம் மட்டும் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறது. எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. ஓ'கானர் .30-06-ஐயும் நிறையப் பயன்படுத்தியவர், அதை மதித்தவர். தலைவர் தாராளமாகத்தான் இருந்தார். தொண்டர்கள்தான் விட்டுக்கொடுக்கவில்லை.

சரி, ஏன் இது முடிவதே இல்லை? நான் யோசித்துப் பார்த்தவரையில் காரணம் இதுதான்: இந்த வழக்கில் தோற்ற சாட்சி வருவதே இல்லை. மானின் நெஞ்சறைக்குள் ஒழுங்காகப் பாய்ந்த குண்டு .270 ஆனாலும் .30-06 ஆனாலும் மான் விழுந்துவிடும். சுட்டவர் திரும்பி வந்து, "பார்த்தீர்களா, என் காலிபர்!" என்பார். குறி தப்பி விலங்கு ஓடிவிட்டால் யாரும் தன் காலிபரைக் குற்றம் சொல்லமாட்டார். அன்றைக்குக் காற்று சரியில்லை, குண்டு சரியாக மலரவில்லை, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) எங்கோ இடித்துக்கொண்டது. எல்லாருடைய அனுபவமும் அவரவர் கட்சிக்கே வாக்களிக்கும்போது தேர்தல் எப்படி முடியும்?

வாதம் சூடாகும்போது கட்டாயம் ஒரு பெயர் வரும்: டபிள்யூ. டி. எம். பெல். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளை வீழ்த்தியவர். அவற்றில் பெரும்பகுதியை 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவால் வீழ்த்தினார். இன்று பலர் பெரிய விலங்குக்குப் போதாது என்று சொல்லும் அளவு அது. (அந்த யானைக் கணக்கை இன்று படிக்கும்போது எனக்கு மனம் கசக்கத்தான் செய்கிறது.) சிறு காலிபர் கட்சி, "பெல்லுக்குப் போதுமானது உங்களுக்குப் போதாதா?" என்று கேட்கும். பெருங்காலிபர் கட்சி, "அது பெல். நீங்கள் பெல்லா?" என்று திருப்பிக் கேட்கும். இரண்டு பக்கமும் கைதட்டல் விழும். பெல் யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எந்தக் கோணத்தில் எங்கே இருக்கிறது என்று படித்தவர். தோட்டா போடாத துப்பாக்கியால் ஓயாமல் குறிபார்த்துப் பழகியவர். அந்தப் படிப்பையும் பழக்கத்தையும் பற்றி இரண்டு கட்சியும் பேசுவதில்லை. அதைப் பேச ஆரம்பித்தால் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி செய்ய வேண்டிவரும்.

இப்போது நம் காலத்துச் சண்டைக்கு வருவோம். 2007-இல் ஹார்னடி கம்பெனி 6.5 க்ரீட்மோர் என்ற தோட்டாவை அறிமுகப்படுத்தியது. நீண்டு மெலிந்த குண்டு, உதைப்பு குறைவு, காற்றில் விலகல் குறைவு. உடனே ஒரு பெரிய இளைஞர் கூட்டம் அதன் பின்னால் போனது. பழைய .308 (.30-06 அளவே விட்டமுள்ள குண்டு கொண்ட இன்னொரு தோட்டா) ஆட்கள், 6.5 க்ரீட்மோர் சுடுகிறவர் என்றாலே தலையில் கொண்டை போட்ட பையன் என்று கேலி பேசத் தொடங்கினார்கள். இரண்டு பேருக்கும் பின்னால் மூன்றாவது ஆள் ஒருவர் எழுந்து, "இதையெல்லாம் ஸ்வீடன்காரர்கள் 6.5×55 தோட்டாவில் 1890-களிலேயே செய்துவிட்டார்கள்" என்பார். அவர் சொல்வது பெருமளவு உண்மை. ஆனால் அவரைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை.

கணக்கைப் பார்ப்போம். 500 கஜ தூரம், பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் காற்று. .308-இல் வழக்கமான 168 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அளவு) போட்டிக் குண்டு சுமார் 19 அங்குலம் விலகும். க்ரீட்மோரின் 140 கிரெயின் குண்டு சுமார் 14 அல்லது 15 அங்குலம். நான்கைந்து அங்குல லாபம். இது மெய்யான லாபம், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே காற்று 10 மைலா, 7 மைலா என்று யார் சொல்வது? புல் அசைவதையும், வெயிலில் கானல் ஓடும் சாய்வையும் பார்த்துச் சுடுகிறவர்தான் சொல்ல வேண்டும். 3 மைல் தவறாகக் கணித்தால் .308 குண்டு ஏறத்தாழ ஐந்தே முக்கால் அங்குலம் தள்ளிப் போகும். க்ரீட்மோர்கூட நாலரை அங்குலம் தள்ளிப் போகும். அதாவது, புதுத் துப்பாக்கி வாங்கிச் சம்பாதித்த லாபம் முழுவதையும் ஒரே ஒரு தப்புக் கணிப்பு விழுங்கிவிடும். காற்றைப் படிக்கக் கற்ற .308-காரர், கற்காத க்ரீட்மோர்காரரை வென்றுவிடுவார். நான் இதை உறுதியாக நம்புகிறேன். காலிபரைப் பற்றிச் செலவாகும் மணிநேரங்களில் பாதியாவது காற்றுக்குப் போக வேண்டும்.

குரூப் கதை இதைவிடச் சுவை. ஒரே குறியில் சுட்ட குண்டுகளின் துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதுதான் குரூப். பலருடைய பணப்பைக்குள் மூன்று துளை விழுந்த ஒரு தாள் பத்திரமாக மடிந்திருக்கும். மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். "என் துப்பாக்கி நாள் முழுக்க இப்படித்தான் சுடும்" என்பார். அதே துப்பாக்கியில், அதே ஆள், அதே தோட்டாவால் பத்துச் சுட்டால் குரூப் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை. மூன்று குண்டு உண்மையின் ஒரு ஓரத்தைத்தான் காட்டும், பத்து குண்டு இன்னும் கொஞ்சம் காட்டும், அவ்வளவுதான். ஆனால் பத்துத் துளைத் தாளை யாரும் பணப்பையில் வைத்துக்கொள்வதில்லையே! மூன்றில் ஒன்று விலகிப் போனால் அதையும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அது "இழுத்த குண்டு". விசையை இழுத்தபோதே தெரிந்துவிட்டதாம்.

ஸ்கோப்பில் எம்ஓஏவா மில்லா என்ற சண்டையை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறேன். இரண்டும் கோண அளவுகள். எம்ஓஏ 100 கஜத்தில் 1.047 அங்குலம், மில் 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். உள்ளே தெரியும் கோடும் வெளியே திருகும் குமிழும் ஒரே அளவில் இருந்தால் போதும், வேலை நடக்கும். அப்புறம் போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிப் பூட்டும் உலோகத் தண்டு) தோட்டாவைப் பிடித்துக்கொண்டு ஏற்ற வேண்டுமா, தள்ளி ஏற்றினால் போதுமா என்ற சண்டை. வின்செஸ்டர் தன் மாடல் 70 ரைஃபிளில் 1964-இல் முதலாவதை விட்டு இரண்டாவதற்கு மாறியது. அன்றிலிருந்து "1964-க்கு முந்தியது" என்பது ஒரு மந்திரமாகவே ஆகிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தை மாற்றிக் கட்டித் தரப் பெரிய பெரிய கம்பெனிகளே காத்திருக்கின்றன!

தனி ஆட்களைச் சொல்லிக்கொண்டே போகிறேனே, ராணுவங்கள் மட்டும் ஒழுங்கா? 1932-இல் அமெரிக்க ராணுவத்துக்காகச் சோதிக்கப்பட்ட .276 பெடர்சன் என்ற சிறிய தோட்டா நன்றாகவே தேறியது. தலைமைத் தளபதி மெக்கார்தர் வேண்டாம் என்றார். கிடங்குகளில் .30-06 மலையாகக் குவிந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் .280 என்ற தோட்டாவை முன்வைத்தது. அமெரிக்கா முழு வலு வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, 7.62 மில்லிமீட்டர் தோட்டாவை நேட்டோ நாடுகள் எல்லாவற்றையும் ஏற்க வைத்தது. பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் தானே சிறிய 5.56 மில்லிமீட்டருக்குத் தாவியது. 2022-இல் 6.8 மில்லிமீட்டரைத் தேர்ந்தெடுத்தது. காலாட்படை வீரர் எவ்வளவு சுமக்க முடியும், எவ்வளவு தூரம் சுட வேண்டும் என்ற கேள்விகள் உயிர்போகும் கேள்விகள். அதனால் அந்த விவாதத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். ஆனால் வாதத்தின் உருவம் அதே மேசை வாதம்தான்: ஒரு பக்கம் வலு, மறு பக்கம் இலேசு.

இவ்வளவு சிரித்தாலும் இந்த மனிதர்களிடம் எனக்கு நிறைய அன்பு உண்டு. தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகத்தை நம்பாமல், க்ரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்து அளந்து, கம்பெனி சொன்ன எண்ணுக்கும் நிஜத்துக்கும் உள்ள இடைவெளியை வெளியே கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். வெடிமருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுத்து, ஒவ்வொரு தோட்டாவையும் கையாலேயே அடைத்து, குறிப்பேட்டில் எழுதிவைக்கிறவர்கள். அவர்கள் சண்டை போடுவதே அளந்து பார்த்த பிறகுதான், இல்லையென்றால் அளந்து பார்ப்பதற்காகத்தான். எதிர்க்கட்சிக்காரரிடம் தோட்டா தீர்ந்துபோனால் தன் பெட்டியை நீட்டுகிறவர்களும் இவர்களே.

எல்லாருக்கும் ஒரே காலிபர் என்று சட்டம் போட்டால் சண்டை ஓய்ந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி ஒரு இடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் எல்லாருக்கும் .22 தோட்டாதான். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். காலிபர் பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஆகவே அவர்கள் லாட் எண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள். (ஒரே தடவையில் சேர்த்துத் தயாரான தொகுதிதான் லாட்.) ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டி. ஆனால் எந்த லாட்டில் வந்தது? துப்பாக்கியைத் தோட்டாக் கம்பெனியின் சோதனைக் கூடத்துக்கே எடுத்துக்கொண்டு போய், பிடிப்பானில் இறுக்கி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, தங்கள் பேரலுக்கு (துப்பாக்கிக் குழலுக்கு)ப் பிடித்ததை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். எந்த லாட் சிறந்தது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பேர் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் பேரலுக்குச் சரியாகவே இருக்கும்.