நெடுந்தீவுக் குதிரை புது இனமா? வழி தவறிய ஒரு குருவியைக் கேட்போம்

வணக்கம். ஒரு குருவி வழி தவறி வேறு தீவுக்குப் போனது. அங்கேயே கலியாணம் கட்டி, ஒரு புது வம்சத்துக்கே பூட்டனாகிவிட்டது. கட்டுக்கதை இல்லை, ஆய்வாளர்கள் கூடவே இருந்து குறித்து வைத்தது. அந்தக் குருவியிடம் போக முன்னம், யாழ்ப்பாணத்தின் குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுக்குப் படகு ஏறுவோம்.

(திரையில்: நெடுந்தீவு. முருகைக்கல் வேலி, அதற்கப்பால் மேயும் குதிரைகள்)

இவை போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்த குதிரைகளின் வாரிசுகள். படகில் வரும்போதே மச்சான் கேட்டான்: "சுத்திவரக் கடல். வெளிக்குதிரை வர வழியில்லை. அப்ப இது புது இனம்தானே?"

இல்லை மச்சான். சேர்ந்து பெறும் பிள்ளைக்கும் பிள்ளை பிறந்தால் இரண்டும் ஒரே இனம். வெளியிலிருந்து ஒரு குதிரையைக் கொண்டுவந்து விட்டால் குட்டி போடும், அந்தக் குட்டியும் வளர்ந்து குட்டி போடும். மன்னாரில் தெருவில் திரியும் கழுதையோடு சேர்த்தால் கதை வேறு. குதிரைக்கு 64 குரோமோசோம் (உயிரணுவில் மரபணுக்களைச் சுமக்கும் இழை), கழுதைக்கு 62. பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. அந்த இழைகள் ஒழுங்காகச் சோடி சேராது. அதனால் அநேகமாக அதற்குப் பிள்ளை இல்லை, வம்சம் அதோடு சரி.

இயற்கைத் தேர்வு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஓடியே கடப்போம். எல்லாக் குட்டியும் ஒரே அச்சில் பிறப்பதில்லை. சூழலுக்குத் தோதானது தப்பிப் பெருகும், அதன் குணமும் பெருகும். 1859இல் டார்வின் புத்தகமாகவே எழுதிவிட்டார். நெடுந்தீவிலும் சோளகக் காற்றுக் காலத்தில் தண்ணீர் வற்றும்போது இது நடக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு இனம் மாறுவது வேறு, இரண்டாகப் பிரிவது வேறு. பிரிய வேண்டுமென்றால் இரண்டு பக்கத்துக்கும் இடையில் சம்பந்தம் நின்றுபோக வேண்டும்.

இனிக் குருவி. எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் இருந்து கதைப்போம்.

பசிபிக் கடலில் கலாபகோஸ் தீவுகள். அதில் டாப்னி மேஜர் என்றொரு சின்னத் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற ஆய்வாளர் தம்பதி 1973 முதல் அங்குள்ள பிஞ்ச் என்னும் சின்னக் குருவிகளைக் கவனித்து வந்தார்கள். 1981இல் 100 கிலோமீட்டருக்கும் அப்பால், எஸ்பனோலா தீவிலிருந்து ஒரு ஆண் குருவி வந்து சேர்ந்தது. பெரிய உடம்பு, பெரிய அலகு, யாருக்கும் பழக்கமில்லாத பாட்டு. எப்படியோ உள்ளூர்ப் பெண் ஒன்று சம்மதித்தது.

சிக்கல் பிள்ளைகளுக்குத்தான். இந்தக் குருவிகளில் ஆண் குஞ்சு தகப்பனின் பாட்டைக் கேட்டே பாடப் பழகும். அப்பனின் ஊர்ப் பாட்டைப் பாடினால் உள்ளூர்ப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்களா?

நான் சென்னையில் ஆட்டோக்காரரிடம் "ஓம் அண்ணை, இறங்கிக் கதைப்பம்" என்றேன். "சார் கேரளாவா?" என்றார். அதே நிலைமைதான். நல்லவேளை, நாங்கள் பாட்டை மட்டும் பார்த்துச் சம்பந்தம் பேசுவதில்லை. என் மச்சாளே மதுரைக்காரிதான்.

குருவிகளுக்கு அந்த இளக்கம் இல்லை. அலகும் வேறு, பாட்டும் வேறு. வேறு வழியின்றித் தங்களுக்குள்ளேயே சோடி சேர்ந்தன. 2003இல் தொடங்கிய வறட்சியில் அந்த வம்சத்தில் மிஞ்சியது ஒரு அண்ணன், ஒரு தங்கை. அவையும் சோடி சேர்ந்தன, வம்சம் பிழைத்தது. மரபணுவைப் படித்து 2017இல் ஆய்வு வெளியானபோது முப்பதளவு இருந்தன.

முப்பது தலைக்காகப் புது இனம் என்று முத்திரை குத்த நான் அவசரப்பட மாட்டேன். தலைப்பில் மட்டும் அப்படிப் போடுவேன், நீங்கள் கிளிக் பண்ண வேண்டாமா? லைக் போடுங்கள்.

மச்சான் விடவில்லை. "அப்ப எங்கட குதிரை?" கனைப்பு எந்த ஊரிலும் கனைப்புத்தான் என்றேன். இந்த விவாதத்தில் கடைசிப் படகைத் தவறவிட்டு, அன்றிரவு நெடுந்தீவிலேயே தங்கினோம்.