ஆயிரம் யென் தாளில் ஒரு கிருமிக்காரர்

வணக்கம் மக்களே. இந்தத் தாளைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன், பாருங்கள். ஜப்பானின் ஆயிரம் யென், 2024 ஜூலையில் வந்த புதுத் தாள். பின்பக்கம் ஓவியர் ஹொகுசாயின் பேரலை. முன்பக்கம் மீசையும் கண்ணாடியுமாக இருப்பவர் ஷிபாசாபுரோ கிதாசாதோ. முந்தைய தாளில் இருந்த ஹிதேயோ நொகுச்சியும் பாக்டீரியா ஆராய்ச்சியாளர்தான். ரூபாய் நோட்டில் கிருமி இருக்கும் என்பார்கள். இவர்கள் கிருமிக்காரரையே அச்சடித்துவிட்டார்கள்!

காலில் ஆணி குத்தினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "முதலில் போய் டிடி ஊசி போடு." அந்த டெட்டனஸ் கிருமியை முதன்முதலில் தனியாகப் பிரித்து வளர்த்தவர் இவர். 1889, பெர்லின், இவருடைய குரு ராபர்ட் கோக்கின் ஆய்வகம்.

அதுவரை யாருக்கும் அது பிடிபடவில்லை. காயத்துச் சீழில் வேறு கிருமிகளும் சேர்ந்தே இருக்கும், வளர்த்தால் எல்லாம் கலந்துதான் வளரும். கிதாசாதோ அந்தக் கலவையை 80 டிகிரி சூட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்துவிட்டார். மற்றவை செத்தன. டெட்டனஸ் மட்டும் ஸ்போர் என்ற கெட்டி ஓட்டுக்குள் பதுங்கிப் பிழைத்தது. அதற்கு ஆக்ஸிஜன் ஆகாது. அதனால் தட்டையான குடுவையில் காற்றை விரட்டி, ஹைட்ரஜனை நிரப்பி வளர்த்தார். எனக்கு அவரிடம் பிடித்ததே இந்தச் சமையல்கார மூளைதான்.

அப்புறம் 1890இல், அதே ஆய்வகத்தில் இருந்த எமில் பெரிங்கோடு சேர்ந்து சீரம் சிகிச்சை. சீரம் என்றால் ரத்தம் உறைந்த பிறகு மிஞ்சும் தெளிந்த நீர். எதிர்ப்புச் சக்தி ஏற்றிய முயலின் சீரத்தை எலிக்குப் போட்டார்கள். பிறகு டெட்டனஸ் கொடுத்தும் எலி சாகவில்லை. ஆனால் 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பெரிங்குக்கு மட்டும். டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் நோய் பற்றிய வேலையைத்தான் முக்கியமாகச் சொன்னார்கள். சரி, இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஊர் திரும்பினால் அங்கேயும் சங்கடம். வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய்க்குக் கிருமிதான் காரணம் என்று டோக்கியோவில் ஒரு பேராசிரியர் சொன்னதை, பெர்லினில் இருந்தபோதே இவர் மறுத்திருந்தார். அந்தப் பேராசிரியர் இவருக்கு முன்பு உதவியவர், அதனால் கிதாசாதோ நன்றிகெட்டவர் என்ற பேச்சு. கடைசியில் கல்வியாளர் ஃபுகுசாவா யுகிச்சி கைகொடுக்க, 1892இல் தொற்றுநோய் ஆய்வகம் தொடங்கியது.

1894இல் ஹாங்காங்கில் பிளேக். இவருக்கு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. பின்னாலேயே வந்த இன்னொரு கிருமி ஆராய்ச்சியாளர் அலெக்சாண்டர் யெர்சின் ஓலைக் குடிசையில் உட்கார்ந்து வேலை பார்த்தார். இருவரும் கிருமியைக் கண்டார்கள். ஆனால் யெர்சினின் விவரம்தான் துல்லியம். கிதாசாதோ சொன்னதில் குழப்பம் இருந்தது, அவருடைய வளர்ப்பில் வேறு கிருமி கலந்திருக்கலாம் என்கிறார்கள். கலப்பில்லாமல் வளர்ப்பதற்கே பேர்போன மனிதருக்கு! இன்று அந்தக் கிருமியின் பெயர் யெர்சினியா.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன். 1908இல் கோக் ஜப்பானுக்கு வந்தபோது வெட்டிய அவருடைய முடியைக் கிதாசாதோ பத்திரப்படுத்தினார். குரு 1910இல் இறந்ததும், அதை வைத்து ஆய்வக வளாகத்தில் சின்னதாக ஒரு ஷிண்டோ (ஜப்பானின் பாரம்பரிய மதம்) கோயில் கட்டினார். 1931இல் இவரும் போனார். இப்போது டோக்கியோவில் குருவுக்கும் சீடனுக்கும் சேர்த்து ஒரே கோயில்.