சாரலும் பெட்ஷீட்டும்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். குற்றாலத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாக லாட்ஜ் நடத்துகிறேன். இந்தத் தொழிலில் என்ன சிரமம் என்று பேசச் சொல்லி வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். வீட்டில் சொன்னபோது, எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டாள் என் வீட்டுக்காரி. ஏழு நிமிஷம் என்றேன். பெட்ஷீட்டுக்கே பத்தாதே என்றாள். பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. நெல்லை டவுனில் அல்வா கடை வைத்திருப்பவருக்கு இன்றைக்கு விற்காத அல்வா நாளைக்கு விற்கும், நாலு நாள் கழித்தும் விற்கும். என் சரக்கு அப்படி இல்லை. இன்று ராத்திரி ஆள் தங்காத ரூம் போனது போனதுதான், நாளைக்கு அதையும் சேர்த்து இரண்டாக விற்க முடியாது. ஆனால் கரண்டு பில்லும் வாட்ச்மேன் சம்பளமும் தங்கினாலும் தங்காவிட்டாலும் ஒன்றுதான்.

எங்களுக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் பொழைப்பு. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலாக நம் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். அந்த மூன்று மாசத்தில் சம்பாதிப்பதை வைத்து மிச்சம் ஒன்பது மாசம் ஓட்ட வேண்டும். நடுவில் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிமார் வருவார்கள், ஒரு ரூமில் பன்னிரண்டு பேர், அது தனிக் கதை.

சாரல் பிந்திய ஒரு வருஷம், சாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்தது. ராத்திரி வந்து படுத்துவிட்டார்கள். காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவிக்குப் போனால், பாறையில் நூல் மாதிரி ஒழுகுகிறது. திரும்பி வந்த ஆச்சி ஒருத்தி, தலையில் எண்ணெய் வடிய, நேராகக் கல்லாவுக்கு வந்து வாடகையைத் திருப்பிக் கொடு என்றாள். "ஆச்சி, அருவியை நானா தொறந்து விடுறேன்?" என்றேன். "பின்ன எதுக்குலே போர்டுல அருவி படம் போட்டிருக்க?" என்றாள் பாருங்கள். நான் என்ன சொல்ல? வாசல் போர்டில் லாட்ஜ் பெயருக்குப் பக்கத்தில் பெரிய அருவி, நுரையோடு, நான்தான் காசு கொடுத்து வரையச் சொன்னேன். பாதி வாடகையைத் திருப்பிக் கொடுத்து, எண்ணெய் போக வெந்நீரும் போட்டுக் கொடுத்தேன். வேன் ஏறும்போது, "அடுத்த வருஷம் தண்ணி விழுந்தா சொல்லுப்பா" என்று நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த வருஷமே பெயிண்டரைக் கூப்பிட்டு அருவியை அழித்தாயிற்று. இப்போது அங்கே மயில் நிற்கிறது.

தண்ணீர் விழாவிட்டால் ஆள் இல்லையா, கூடுதலாக விழுந்தாலும் ஆள் இல்லை. வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். போடத்தான் வேண்டும், 2024 மே மாசம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு பையனைப் பறிகொடுத்தோமே, அதற்கப்புறம் அதைப்பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை. ஆனால் தடை என்று டிவியில் ஓடின அரைமணி நேரத்தில் சனி, ஞாயிறு புக்கிங் எல்லாம் கேன்சல். ஃபோனை எடுத்தால் ரூம் இருக்கிறதா என்று கேட்பதில்லை, "குளிக்க விடுறாங்களா?" என்றுதான் கேட்கிறார்கள்.

சரி, பெட்ஷீட்டுக்கு வருகிறேன். சிரிக்காதீர்கள். மற்ற ஊர்களில் ஒரு கட்டிலுக்கு மூன்று செட் போதும். ஒன்று விரிப்பில், ஒன்று வெளுப்பில், ஒன்று அலமாரியில். குற்றாலத்தில் நான் ஐந்து வைத்திருக்கிறேன், அதுவும் சீசனில் பத்தாது. ஏனென்றால் வருகிறவர்கள் எண்ணெய் மசாஜ் செய்துகொள்கிறார்கள், செய்த கையோடு ரூமுக்கு வந்து ஒரு நிமிஷம் சாய்கிறார்கள். அந்த ஒரு நிமிஷம் தலையணை உறையில் தங்கிவிடும். நல்லெண்ணெய்க் கறை கொதிக்கிற தண்ணீருக்கும் மசியாது, வெளுக்க வெளுக்கத் துணிதான் நைந்து போகும். கலர் பெட்ஷீட் போடலாமே என்பீர்கள். போட்டால், எதையோ மறைக்கிறான் என்று நினைக்கிறார்கள், வெள்ளைதான் வேண்டும். அப்படியே வெளுத்தாலும் எங்கே காயப்போடுவது? சாரல் நாளில் மொட்டை மாடியில் போட்டால் சாயங்காலம் எடுக்கும்போது போட்டதைவிட ஈரமாக இருக்கும். அரைகுறையாகக் காய்ந்த துணியை மடித்து வைத்தால் ஒரு வாடை வரும், அந்த வாடை வந்த லாட்ஜுக்கு யாரும் இரண்டாம் தடவை வரமாட்டார்கள். தென்காசியில் டிரையர் வைத்திருக்கும் லாண்டரிக்கு அனுப்புகிறேன், சீசனில் அவர்களும் கை விரிக்கிறார்கள். ஆகவே மசாஜ் முடித்து வருகிறவர்கள் தயவுசெய்து குளித்துவிட்டுப் படுங்கள். இல்லை, ஒரு பழைய துண்டாவது விரித்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

அடுத்து ஆள் பிரச்சினை. மூன்று மாச வேலைக்கு எவன் வருவான்? நம் ஊர்ப் பிள்ளைகள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். இப்போது ரூம் பாய் ஒடிசா, பக்கத்து ஓட்டலில் பரோட்டா வீசுகிறவர் அசாம். நல்ல பிள்ளைகள், குறையே இல்லை. ஆனால் ஊருக்கு லீவில் போனால் திரும்பி வருவார்களா என்பது சாரல் மாதிரிதான். சீசன் இல்லாத மாசத்திலும் சம்பளம் கொடுத்து வைத்திருந்தால் நிற்பார்கள். நான் நாலு பேரை அப்படி வைத்திருக்கிறேன், மற்றவர்களை வைக்கக் கட்டுபடி ஆகவில்லை.

ஆன்லைன் புக்கிங் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயிரம் ரூபாய் ரூமில் நூற்றைம்பது, இருநூறு கமிஷனாகப் போகிறது. அவர்கள் நண்பகல் பன்னிரண்டு மணிக்குச் செக்-அவுட் என்று போட்டுவிடுகிறார்கள், நம் ஆட்களோ இருபத்துநாலு மணி நேரக் கணக்கில் பழகினவர்கள், ராத்திரி எட்டுக்கு வந்தால் மறுநாள் எட்டு வரை தன் ரூம் என்று நினைப்பார்கள், நடுவில் நிற்பது கல்லாவில் இருக்கிற பையன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தானாம்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தேன், போகட்டும், ஒரு வரி. ஒரு நாள் வாடகை 7500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆனது. வருகிறவர்களுக்கு நல்லது. ஆனால் நாங்கள் வாங்குகிற சாமானுக்குக் கட்டின வரியை இனி அதில் கழிக்க முடியாது. அந்தச் சாமானில் முதலாவது என்ன? பெட்ஷீட். சாப்பாட்டுப் பக்கம், கேஸ் சிலிண்டர் விலை, எதையும் நான் இன்னும் தொடவே இல்லை. கை காட்டிவிட்டார்கள். வணக்கம்.