ஓட்டு வாங்கி வந்த ஆடிட்டர் ஒழுங்காகக் கணக்குப் பார்ப்பாரா?

வணக்கம் நண்பர்களே. நம் நாட்டு அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்கிற தலைமை அதிகாரியான சிஏஜியின் நியமனம் பற்றிப் பேசிய பதிவில், அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஆடிட்டரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "ஐயா, ஒரு கட்சியின் சார்பில் நின்று ஜெயித்தவர் எப்படி நடுநிலையாகக் கணக்குப் பார்ப்பார்? நாளைக்கே ஆளுநராக வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தால், தணிக்கை அறிக்கை எல்லாம் தேர்தல் பிரசாரம் ஆகிவிடாதா?"

நல்ல கேள்வி. (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற மாநிலத் தலைவர், நம் முதலமைச்சர் மாதிரி.) கேட்டதிலிருந்து என் மனதை விட்டுப் போகவில்லை. பொதுவாகப் பேசினால் இதற்கு விடை கிடைக்காது. ஒரே ஒரு ஆளை எடுத்துப் பார்ப்போம்: மிசௌரி மாநிலத்தின் கிளேர் மெக்காஸ்கில்.

மெக்காஸ்கில் ஜனநாயகக் கட்சிக்காரர். படித்தது சட்டம். மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். அப்புறம் கான்சாஸ் சிட்டி இருக்கிறதே, அந்த ஜாக்சன் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தலைமை அரசு வழக்கறிஞரானார். அங்கே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். 1998-இல் மாநில ஆடிட்டர் தேர்தலில் ஜெயித்தார், 2002-இல் மறுபடியும் ஜெயித்தார். இவருக்கு முன்னால் ஆடிட்டராக இருந்த மார்கரெட் கெல்லி குடியரசுக் கட்சிக்காரர், முறையாகக் கணக்காளர் படிப்பு படித்தவர். அவரும் 1996-இல் ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றவர்தான். அவருக்கும் முன்னால் கிட் பாண்ட் என்பவர் 1970-இல் ஆடிட்டராகத் தேர்வாகி, இரண்டே வருடத்தில் ஆளுநர் தேர்தலில் ஜெயித்துவிட்டார். ஆக, நண்பர் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. மிசௌரியில் ஆடிட்டர் நாற்காலி ஆளுநர் மாளிகைக்கு ஒரு படிக்கட்டாகத்தான் ரொம்ப காலமாக இருக்கிறது.

அதற்கு ஒரு காரணம் தேர்தல் நாட்காட்டியிலேயே இருக்கிறது. மிசௌரியில் ஆளுநர், அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்), பொருளாளர் எல்லோருக்கும் அதிபர் தேர்தல் நடக்கிற வருடத்திலேயே தேர்தல். ஆடிட்டருக்கு மட்டும் அதற்கு இரண்டு வருடம் தள்ளி. அதனால் ஆடிட்டர் தன் பதவியை விடாமலே ஆளுநர் தேர்தலில் நிற்கலாம். தோற்றால் திங்கட்கிழமை காலையில் பழைய அலுவலகத்துக்கே வந்து உட்காரலாம்.

மெக்காஸ்கில் அதைத்தான் செய்தார். 2004-இல் ஆளுநராக இருந்தவர் பாப் ஹோல்டன். இவருடைய சொந்தக் கட்சி. பதவியில் இருக்கிற ஆளுநரை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நின்று தோற்கடித்தார். மிசௌரி வரலாற்றில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. ஆனால் நவம்பரில் குடியரசுக் கட்சியின் மாட் பிளண்ட்டிடம் கொஞ்ச ஓட்டில் தோற்றுப்போனார். தோற்ற பிறகும் ஆடிட்டர் பதவிக்காலம் மிச்சம் இருந்தது. இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தன்னைத் தோற்கடித்தவர் நடத்துகிற அரசின் கணக்கை அடுத்த இரண்டு வருடம் இவர்தான் பார்க்க வேண்டும். நண்பர் பயப்படுகிற நிலைமை அப்படியே அச்சாக அங்கே வந்து நிற்கிறது.

சரி, இதற்கு என்ன பாதுகாப்பு? நான் எப்போதும் சொல்வதுதான், பழைய பதிவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆடிட்டரின் மனதுக்குள் போய் நாம் பார்க்க முடியாது, அவர் காட்டுகிற தாளைப் பார்க்கலாம். மிசௌரி ஆடிட்டர் யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப முடியாது, பதவியை விட்டு இறக்க முடியாது. ஆவணத்தைக் கேட்டு வாங்கலாம், கண்டதை எழுதலாம், இப்படிச் சரிசெய்யுங்கள் என்று சொல்லலாம். ஒவ்வொரு குறைக்கும் கீழே சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பதிலும் அதே அறிக்கையில் அச்சாகும். இரண்டு பேர் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாமே படித்துக்கொள்ளலாம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சின்ன ஊரின் அலுவலகம், அபராதம் வசூலிக்கிற ஒரே ஒரு எழுத்தர். பணம் வாங்குவதும் அவரே, ரசீது போடுவதும் அவரே, வங்கியில் கட்டுவதும் அவரே. ரசீதுப் புத்தகத்தின்படி அன்றைக்கு வசூல் 500 டாலர், அதில் ரொக்கம் 300, காசோலை 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிச் செலானிலும் 500 இருக்கிறது. மொத்தம் சரி என்று விட்டுவிட்டால் போச்சு! செலானைப் பிரித்துப் பார்த்தால் ரொக்கம் 50, காசோலை 450. ரசீதே போடாமல் வாங்கிய காசோலைகளை உள்ளே நுழைத்துவிட்டு 250 டாலர் ரொக்கத்தை யாரோ எடுத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவர் எந்தக் கட்சியாக இருந்தால் என்ன? ரசீதும் செலானும் மேசைமேல் இருக்கின்றன. மறுக்கிறவர் அதைக் காட்டித்தான் மறுக்க வேண்டும்.

எல்லா அறிக்கையும் இவ்வளவு சுத்தமாக இருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2020-இல் ஆடிட்டர் நிக்கோல் காலோவே, ஜாஷ் ஹாலி அட்டர்னி ஜெனரலாக இருந்த காலத்தைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். காலோவே ஜனநாயகக் கட்சி, அந்த வருடம் ஆளுநர் தேர்தலில் வேறு நிற்கிறார். ஹாலி குடியரசுக் கட்சி. கட்சி உள்நோக்கம் என்று ஹாலி சண்டைக்கு வந்தார். அந்த மாதிரி நேரத்தில் நண்பரின் கேள்விக்கு முழு பலம் உண்டு.

மெக்காஸ்கில் கதைக்கு வருவோம். 2006-இல் செனட்டரானார். பின்னால் அமெரிக்க அதிபரான ஹாரி ட்ரூமன் ஒரு காலத்தில் இருந்த அதே செனட் இடம். ட்ரூமனும் ஜாக்சன் கவுண்டி அரசியலில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவ ஒப்பந்தங்களில் நடந்த வீண்செலவைக் குடைந்தெடுத்த குழு அவர் பெயரில்தான் பேசப்படுகிறது. அதை மாதிரியாக வைத்து மெக்காஸ்கிலும் சக செனட்டர் ஜிம் வெப்பும் போராடி, ஈராக், ஆப்கானிஸ்தான் போர் ஒப்பந்தங்களை ஆராய ஓர் ஆணையத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆணையம் 2011-இல் கொடுத்த இறுதி அறிக்கை, வீணாகவும் மோசடியாகவும் போனது 3,100 கோடி முதல் 6,000 கோடி டாலர் வரை இருக்கும் என்றது. ஆடிட்டராக இருந்தவர் செனட்டுக்குப் போனதால் கிடைத்த லாபம் இது. அரசியல் ஆசை எப்போதும் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

அதே 2011-இல் அவருக்கே சோதனை வந்தது. கணவருடன் பங்கு வைத்திருந்த விமானத்தில் பறந்ததற்கு அரசுப் பணத்தில் செலவு காட்டியிருந்தார். அதில் ஒரு பயணம் கட்சி வேலைக்கானது. பத்திரிகைகள் கேட்டதும் சுமார் 88,000 டாலரைத் திருப்பிக் கட்டினார். அப்புறம் தோண்டிப் பார்த்தால் அந்த விமானத்துக்குச் சொத்துவரியே கட்டவில்லை, பாக்கி சுமார் 2,87,000 டாலர்! அதையும் கட்டினார், விமானத்தை விற்றுவிடுவதாகச் சொன்னார். ஊர்க் கணக்கைப் பார்த்தவரிடம் உன் கணக்கு எங்கே என்று மக்கள் கேட்டார்கள். அடுத்த வருடமே தேர்தல் இருந்ததால் பதில் சொல்லாமல் நழுவ வழியில்லை. அந்தத் தேர்தலில் ஜெயித்தார். 2018-இல் அதே ஜாஷ் ஹாலியிடம் தோற்றார்.

நம் ஊரில் சிஏஜியைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். ஓய்வுக்குப் பின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி வகிக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 148-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனாலும் சிஏஜியாக இருந்த டி.என். சதுர்வேதி பின்னால் மாநிலங்களவை உறுப்பினரானார், கர்நாடக ஆளுநரும் ஆனார். அதனால் நியமனம் என்றாலே அரசியல் ஒட்டாது என்று நினைத்துவிடாதீர்கள்.

உண்மையில் நண்பர் என்னிடம் வேறு ஒன்றைக் கேட்டிருக்கலாம் என்று எனக்கு ஆசை. ஆடிட்டரை யார் நியமிக்கிறார் என்பதைவிட, ஆடிட்டரை யார் கூப்பிடலாம் என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். மிசௌரியில் ஓர் ஊரின் வாக்காளர்கள் கையெழுத்து வாங்கி, "எங்கள் நகராட்சிக் கணக்கை வந்து பாருங்கள்" என்று மாநில ஆடிட்டருக்கு மனு கொடுக்கலாம். எத்தனை கையெழுத்து வேண்டும் என்பது, கடந்த ஆளுநர் தேர்தலில் அந்த ஊரில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. போதுமான கையெழுத்து சேர்ந்துவிட்டால் ஆடிட்டர் ஆட்கள் வந்தே ஆக வேண்டும். அந்தத் தணிக்கைக்கு ஆகிற செலவு அந்த உள்ளாட்சியின் தலையில்தான் விழும், அதாவது கையெழுத்துப் போட்டவர்களின் வரிப்பணம். அது தெரிந்தும் போடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், சிஏஜிக்குத் தேர்தல் வேண்டாம். அந்த மனு போடுகிற உரிமை நமக்கு வேண்டும். அது எப்படி நடைமுறையில் வேலை செய்கிறது என்று யாராவது கேட்டு எழுதுங்கள், தனிப் பதிவாகவே பேசுகிறேன்.